மீன்தொட்டிக்குள் 230 வோல்ட்

மீன்களுக்குத் தீனி போடும்போது விரலில் ஏதோ சுருக்கென்று கடிப்பதாக என் அத்தை சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மீன்தான் கடிக்கிறது என்று வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்தார்கள். ஒருநாள் அவரே இன்னொரு தகவலையும் சொன்னார்: செருப்பு அணிந்திருந்தால் கடிப்பதில்லை, மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்றால்தான் கடிக்கிறது. மனிதர் செருப்பு அணிந்திருக்கிறாரா என்று பார்த்துக் கடிக்கும் மீன் எதுவும் இல்லை. தொட்டியின் மூடியில் பொருத்தப்பட்டிருந்த அலுமினிய எல்.இ.டி. விளக்கில் டெஸ்டரை வைத்தபோது, அதன் சிறு குமிழ் மங்கலாக எரிந்தது.

அந்த விளக்கு 12 வோல்ட்டில் இயங்குவது. 12 வோல்ட்டுக்கு டெஸ்டர் எரியாது. அப்படியென்றால், சுவரில் செருகப்பட்டிருந்த கறுப்பு அடாப்டர் வழியாக வரக்கூடாத ஏதோ ஒன்று விளக்கின் உடல்வரை வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அடாப்டரின் மேல் முத்திரைகளுக்குக் குறைவில்லை. ஐந்தாறு குறியீடுகளும் ஒரு பதிவெண்ணும் அச்சிடப்பட்டிருந்தன. அவை உண்மையில் எதற்கு உறுதி அளிக்கின்றன, எதற்கு அளிப்பதில்லை என்று தேடத் தொடங்கியதன் விளைவே இந்தக் கட்டுரை.

வண்ண மீன் வளர்ப்பு இன்று செல்வந்தர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. சென்னை கொளத்தூரின் மீன் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்தால், கையில் தண்ணீர் நிரம்பிய பாலித்தீன் பையோடு திரும்பும் குடும்பங்களில் எல்லாத் தரப்பினரையும் காணலாம். அந்தத் தொழிலை வளர்ப்பதற்காக வண்ண மீன் வணிக மையம் ஒன்றுக்கு அரசே பல கோடி ரூபாயை ஒதுக்கியது. மருத்துவமனைக் காத்திருப்பு அறை, உணவகத்தின் நுழைவாயில், பள்ளி வரவேற்பறை என்று குழந்தைகள் புழங்கும் இடங்களில் எல்லாம் மீன்தொட்டி இருக்கிறது. நடுத்தர அளவுத் தொட்டி ஒன்றில் குறைந்தது மூன்று மின்கருவிகள் இருக்கும்: காற்றுக்கு ஏர் பம்ப், நீரைத் தூய்மையாக்க ஃபில்டர், விளக்கு. மார்கழிக் குளிருக்கும், வெண்புள்ளி நோய்க்கான சிகிச்சைக்கும் ஹீட்டர் சேர்ந்தால் நான்கு. இவை அனைத்தும் பெரும்பாலும் தொட்டியின் பின்புறம் தொங்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகப்பட்டிருக்கும்.

இதே வீட்டின் குளியலறையைப் பாருங்கள். கீசருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மூன்று முள் பிளக் இருக்கிறது, ஈரக் கைக்கு எட்டும் இடத்தில் பிளக் பாயின்ட் வைக்க எந்த எலக்ட்ரீஷியனும் சம்மதிக்கமாட்டார். நீரும் மின்சாரமும் சேரக்கூடாது என்ற அறிவு நமக்கு இல்லாமல் இல்லை. கூடத்தில் இருக்கும் மீன்தொட்டியை மட்டும் நாம் அழகுப் பொருளாகப் பார்க்கிறோம், ஈரமான இடமாகப் பார்ப்பதில்லை. 230 வோல்ட் மின்சாரம் ஓடும் கருவியை நீருக்குள்ளேயே இரவும் பகலும் மூழ்கடித்து வைத்திருக்கும் இடம் நம் வீடுகளில் வேறு எது?

ஆபத்தின் அளவைக் கணக்கிடுவது கடினம் அன்று. ஈரமான உடலின் மின்தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று கொள்வார்கள். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. அரை மில்லி ஆம்பியர் அளவில் நம் விரல் மின்சாரத்தை உணரத் தொடங்குகிறது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகி, விட நினைத்தாலும் கையை விடமுடியாத நிலை வருகிறது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் மூச்சும் இதயமும் நிலைகுலையலாம். 230 என்பது இந்த எல்லைகளை எல்லாம் எங்கோ பின்னால் விட்டுவிட்ட எண். கடல்மீன் தொட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்புநீர் குழாய் நீரைவிடப் பல பத்து மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். அதோடு, தெறித்துக் காயும் உப்பு வெண்படலமாகப் படிந்து, வயர் வழியாகவும் பிளக் வழியாகவும் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும்.

இங்கே பலரையும் ஏமாற்றுவது மீன்களின் நிம்மதிதான். நீரில் மின்சாரம் கசிந்தால் மீன்கள் முதலில் சாகும், அதைப் பார்த்து நாம் விழித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறான நம்பிக்கை. கண்ணாடித் தொட்டி தரையிலிருந்து மின்காப்புப் பெற்றது. உள்ளே இருக்கும் நீர் முழுவதும் 230 வோல்ட்டுக்கு உயர்ந்தாலும், அந்த மின்சாரம் வெளியேற வழி இல்லாதவரை உள்ளே ஓட்டம் இல்லை. உயர்மின் கம்பியில் காகம் அமர்ந்திருப்பதுபோல, மீன் தன் போக்கில் நீந்திக்கொண்டிருக்கும். நிலத்துக்குப் பாதை திறப்பது, வெறுங்காலோடு நின்றுகொண்டு பாசி படிந்த கண்ணாடியைத் துடைக்கக் கையை உள்ளே விடும் மனிதர்தான். அத்தையின் செருப்புக் கணக்குக்கும் இதுவே விடை.

இனி அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வருவோம். அடாப்டர் என்பது வோல்ட்டேஜைக் குறைக்கும் கருவி என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. அதைவிட முக்கியமான வேலை, வீட்டு மின்சாரத்தையும் 12 வோல்ட் பக்கத்தையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பிரித்து வைப்பது. உள்ளே வரும் 230 வோல்ட் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டிக்கப்பட்டு, ஒரு சிறிய மின்மாற்றியின் முதல் சுருளில் பாய்கிறது. இரண்டாம் சுருளில் 12 வோல்ட் பிறக்கிறது. இரு சுருள்களும் அருகருகே இருந்தாலும் அவற்றை இணைக்கும் கம்பி கிடையாது. காந்தப்புலம் மட்டுமே பாலம். அந்தச் சுருள்களுக்கு நடுவே உள்ள சில அடுக்குக் காப்பு நாடாவை நம்பித்தான் நாம் நீருக்குள் கையை விடுகிறோம்.

நல்ல அடாப்டரின் மின்சுற்றுப் பலகையில் இரு பக்கங்களுக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். ஈரமும் தூசியும் படிந்தாலும் மின்சாரம் தாண்டிவிடக்கூடாது என்பதற்கான இடைவெளி அது. மலிவான அடாப்டர்களைப் பிரித்து ஆராய்ந்த பொறியாளர்கள், அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு சிறு பாகமும் இருக்கிறது. மின் இரைச்சலைக் குறைப்பதற்காக இரு பக்கங்களையும் தொட்டுக்கொண்டு நிற்கும், 'ஒய்' வகை என்று அழைக்கப்படும் மின்தேக்கி. பழுதானாலும் இணைப்பை ஏற்படுத்திவிடாதபடி தனியாக வடிவமைக்கப்பட்டது அது. அதன் உயர்வகை 8,000 வோல்ட் அதிர்வுச் சோதனையைத் தாங்கவேண்டும். அதன் இடத்தில் சாதாரண செராமிக் மின்தேக்கியை வைத்துவிட்டால் சில காசுகள் மிச்சமாகும். அடாப்டர் வேலை செய்யும். வாங்குபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. என்றோ ஒருநாள் மின்னழுத்தம் திடீரென்று உயரும்போது அது உடைந்து இணைந்துவிட்டால், 12 வோல்ட் என்று எழுதப்பட்ட வயரில் வீட்டு மின்சாரம் நேராக இறங்கும்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். தரமான அடாப்டரிலும் இந்த மின்தேக்கி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். டெஸ்டர் மங்கலாக எரியவும் செய்யும். கால் மில்லி ஆம்பியர் என்ற அளவில் அதைக் கட்டுப்படுத்தி வைப்பதே தரநிலையின் வேலை. ஆகவே டெஸ்டர் எரிவதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. ஆபத்தில்லாத கசிவையும் ஆபத்தான கசிவையும் விரலோ டெஸ்டரோ பிரித்துச் சொல்லாது. சோதனைக்கூடம்தான் சொல்லும். இரு பக்கங்களுக்கும் நடுவே 3,000 வோல்ட்டை ஒரு நிமிடம் செலுத்திப் பார்ப்பது, ஈரப்பதம் நிறைந்த அறையில் வைத்து எடுத்து மறுபடி அளப்பது, பாகங்களை வேண்டுமென்றே பழுதாக்கித் தீப்பிடிக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை நம் வீட்டில் செய்ய இயலாது. சான்றிதழ் என்ற ஏற்பாடே இதற்காகத்தான் இருக்கிறது.

உலக அளவில் இதற்குத் தனியான தரநிலைகள் உள்ளன. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60335 வரிசையில் 2-55 என்ற பகுதி முழுக்க முழுக்க மீன்தொட்டிகளிலும் தோட்டக் குளங்களிலும் பயன்படும் மின்சாதனங்களைப் பற்றியது. மீன்தொட்டி விளக்குகளுக்கு 60598 வரிசையில் 2-11 என்று வேறொரு பகுதி. அமெரிக்காவில் யு.எல். 1018. இவ்வளவு சிறிய ஒரு துறைக்குத் தனி ஆவணங்கள் எழுதப்பட்டதற்குக் காரணம், பொதுவான வீட்டுச் சாதன விதிகள் இங்கே போதாது என்பதுதான். மிக்சியைப் பயன்படுத்துபவர் அதை நீருக்குள் வைப்பதில்லை. மீன்தொட்டி பம்ப் நீருக்குள் இருப்பதற்காகவே பிறந்தது. பராமரிப்பு வேலைக்கு முன் தொட்டியிலுள்ள எல்லாக் கருவிகளின் மின் இணைப்பையும் துண்டிக்கவேண்டும் என்று தரமான கருவியின் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கும். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை.

இந்தியாவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவுத் திட்டம் 2012-இல் அறிவிக்கப்பட்டது. 2014-இல் பட்டியல் நீட்டிக்கப்பட்டபோது அடாப்டர்கள் அதில் இடம் பெற்றன. ஆனால் எந்த அடாப்டர்கள்? தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கானவை, ஒலி, ஒளிக் கருவிகளுக்கானவை, அவற்றோடு எல்.இ.டி. விளக்குகளுக்கான மின்கட்டுப்பாட்டுக் கருவிகள். பயன்பாட்டை வைத்து வகைப்படுத்திய பட்டியல் இது. மீன்தொட்டி பம்புக்கு வரும் அடாப்டர் 2014-இன் இந்தப் பெட்டிகள் எதிலும் இயல்பாகப் பொருந்தவில்லை. விளைவு: மடிக்கணினிக்கோ, வைஃபை ரவுட்டருக்கோ என்று சோதித்துப் பதிவு பெற்ற அடாப்டர், மீன்தொட்டியின் மூடிக்கு அடியில் வந்து அமர்கிறது. பதிவு போலி என்று சொல்லமுடியாது. சோதனை செய்யப்பட்டது உண்மைதான். ஆனால் உலர்ந்த மேசைமேல் இருக்கும் என்ற எண்ணத்தில் சோதிக்கப்பட்டது. அடாப்டரின் மேல் சிறிய வீடு போன்ற படம் இருந்தால், கூரைக்குக் கீழே, உலர்ந்த இடத்தில் மட்டும் பயன்படுத்து என்று பொருள். நீராவி எழும் தொட்டி மூடி அந்த வரையறைக்குள் வராது.

பதிவுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கும் உள்ள வேறுபாட்டையும் வாங்குபவர்கள் அறிவது நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குத் தொழிற்சாலையை அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்கிறார்கள். கட்டாயப் பதிவில் மாதிரி ஒன்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறது. அந்த அறிக்கையோடு, என் பொருள் தரநிலைக்கு உட்பட்டது என்று உற்பத்தியாளரே உறுதிமொழி தருகிறார். சோதனைக்குப் போன மாதிரியும் கடைக்கு வந்த சரக்கும் ஒன்றாக இருக்கும் என்பது அந்த உறுதிமொழியின் பலத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவின் சி.இ. குறியீடும் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு இப்படி உற்பத்தியாளரே போட்டுக்கொள்வதுதான். அதைத் தரச்சான்று என்று நம்பி வாங்குவோர் நம்மில் ஏராளம். இந்தியச் சட்டத்தின் கண்ணில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

நீருக்குள் நேரடியாக 230 வோல்ட்டில் இயங்கும் பம்புகளும் ஹீட்டர்களும் இன்னும் பெரிய கேள்வி. இவற்றில் அடாப்டரே கிடையாது. பம்பின் செப்புச் சுருள் எப்பாக்சிப் பசைக்குள் புதைக்கப்பட்டிருக்கும். அந்தப் பசையே நமக்கும் மின்சாரத்துக்கும் இடையிலான ஒரே சுவர். ஆண்டுக்கணக்கில் சூடாகியும் குளிர்ந்தும் அதில் விரிசல் விழுகிறது. வயர் உள்ளே நுழையும் முனையில் பிளாஸ்டிக் கெட்டியாகி வெடிக்கிறது. வயர் பழுதானால் கருவியையே தூக்கி எறியவேண்டும் என்ற வகையில்தான் இவை வடிவமைக்கப்படுகின்றன. நாமோ வயரை வெட்டி, கறுப்பு டேப் சுற்றி, மறுபடி நீருக்குள் இறக்குகிறோம். எதையும் பழுது பார்த்துப் பயன்படுத்தும் நம் பழக்கத்தைப் பெரிதும் மதிப்பவன் நான். இந்த ஓர் இடத்தில் மட்டும் அது உயிருக்கு உலை வைக்கும் சிக்கனம்.

மத்திய அரசு இந்த இடைவெளியை அறியாமல் இல்லை. வீட்டு, வணிக மின்சாதனங்கள் அனைத்துக்குமான பொதுவான பாதுகாப்பு ஆணை ஒன்று 2024-இல் வெளியிடப்பட்டது. 2025-இல் அது மாற்றி எழுதப்பட்டது. நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. தனி ஆணை இல்லாத சாதனங்களையும் ஐ.எஸ். 302 என்ற பொதுத் தரநிலையின் கீழ்க் கொண்டுவருவது அதன் நோக்கம். ஒவ்வொரு சாதனத்தையும் பெயர் சொல்லிப் பட்டியலிடும் முறையில் மீன்தொட்டி பம்ப் போன்றவை என்றுமே வரிசையின் கடைசியில்தான் நிற்கும் என்பதால், இந்தப் பொதுவான அணுகுமுறை சரியானது.

தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் சிறு தொழில்களை நசுக்குகின்றன என்ற முறையீட்டைப் புறந்தள்ள முடியாது. பாலிமர், செயற்கை இழை மூலப்பொருள்களுக்கான சில ஆணைகளை அரசே 2025 நவம்பரில் திரும்பப் பெற்றது. தொழிற்சாலைக்குள் வல்லுநர்கள் கையாளும் மூலப்பொருளுக்கு அந்த வாதம் பொருந்தும். அவர்களால் தரத்தைச் சோதித்து வாங்கமுடியும். எட்டு வயதுச் சிறுவன் கை விடும் தொட்டிக்குள் இருக்கும் மின்கருவிக்கு அதே வாதத்தை நீட்டுவது முறையன்று. சிறு இறக்குமதியாளருக்கு ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகக் கட்டணம் சுமைதான். ஆய்வகக் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம், ஒரே சுற்றமைப்புள்ள மாதிரிகளை ஒரே குழுவாகச் சோதிக்கலாம், அவகாசம் கூட நீட்டலாம். சோதனையே வேண்டாம் என்பது தீர்வாகாது.

2017-இல் மீன்தொட்டி மீன்களின் நலனுக்காக மத்திய அரசு விதிகள் கொண்டுவந்ததும், வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின் அவற்றைக் கைவிட்டதும் நினைவிருக்கலாம். மீனுக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்று நாடு முழுவதும் விவாதம் நடந்தது. அந்த நீரில் கை வைப்பவரைப் பற்றி அப்போதும் பேச்சு எழவில்லை.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வதிலும் நியாயம் இல்லை. கொளத்தூர்க் கடைக்காரருக்கு மீனைத் தெரியும், நோயைத் தெரியும், நீரின் காரத்தன்மையைக் கண்ணால் பார்த்தே சொல்லுவார். மின்சுற்றைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழி இல்லை. மொத்த வியாபாரி கொடுத்ததை அவர் விற்கிறார். இணையவழி விற்பனைத் தளங்களின் நிலை அப்படியல்ல. யார் விற்கிறார், எந்தச் சான்றின் கீழ் விற்கிறார் என்று கேட்டுப் பதிவு செய்யும் வசதி அவர்களிடம் இருக்கிறது. முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் பெரிய தளங்கள்மீதே நடவடிக்கை எடுத்தது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் இணையவழி விற்பனைக் கிடங்குகளில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சோதனை நடத்தி, உரிய முத்திரையில்லாத பொருள்களைக் கைப்பற்றியது. கட்டாயப் பட்டியலில் இருக்கும் பொருளுக்கே இந்த நிலை என்றால், பட்டியலின் விளிம்பில் இருக்கும் பொருளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

சான்றிதழின் பயன் விற்பனைக்கு முன்பு மட்டுமன்று, பின்பும் உண்டு. அமெரிக்காவில் 2011-இல் சுமார் 12 லட்சம் மீன்தொட்டி ஹீட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதிகமாகச் சூடாகி உடைவதும் தீ விபத்துக்கான வாய்ப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. உலகறிந்த சந்தையிலும் பழுதான சரக்கு வரும் என்பதையே இது காட்டுகிறது. வேறுபாடு, அங்கே தயாரித்தவரின் பெயரும் மாதிரி எண்ணும் தெரிந்திருந்ததால் திரும்பக் கேட்க முடிந்தது என்பதில் இருக்கிறது. பெயரற்ற பெட்டியில் வந்து, பெயரற்ற பம்பாக விற்ற பொருளை யார், யாரிடமிருந்து திரும்பப் பெறுவது?

ஆணைகள் வரட்டும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. 16 ஆம்பியரைத் தாண்டினால் விழுந்துவிடும் கருவி, ஒருவரைக் கொல்லப் போதுமான கால் ஆம்பியரைப் பொருட்படுத்தாது. ஆர்.சி.சி.பி. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு எழுந்த நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. குறிப்பிட்ட மின்சுமைக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்கசிவுப் பாதுகாப்பை மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 விதிமுறைகள் ஏற்கெனவே வேண்டுகின்றன. பழைய வீடுகளில் அது இருக்கிறதா என்று மின்பலகையைத் திறந்து பார்ப்பது நல்லது. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் வேண்டும்.

இதிலும் நம் ஊருக்கே உரிய ஓர் ஓட்டை உண்டு. மின்தடை வந்தால் காற்று நின்று மீன்கள் இறந்துவிடும் என்று மீன்தொட்டியை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டு வைத்திருப்போம். ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்தால், மின்தடை நேரத்தில் அதற்குப் பின்னால் நடக்கும் கசிவை அது துண்டிக்கும் என்று நம்பமுடியாது. இன்வெர்ட்டர் இணைப்புக்குத் தனியாக ஒன்று தேவை. அதே மின்தடையில் இன்னொரு விபத்தும் காத்திருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்ட ஏர் பம்ப் நின்றவுடன், காற்றுக்குழாய் வழியாக நீர் பின்னோக்கி ஏறி, பம்புக்குள்ளே போய்விடும். மின்சாரம் திரும்பும்போது நீர் நிரம்பிய பம்ப் இயங்கத் தொடங்கும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது, அல்லது குழாயில் பத்து இருபது ரூபாய் விலையுள்ள ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துவது, இதற்குப் போதும்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டியின் அடியில் வைக்காமல் சுவரில் உயர்த்தி மாட்டுங்கள். தொட்டியிலிருந்து வரும் வயர் பிளக்குக்குச் சற்றுக் கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறட்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கை அடையாது. வாங்கும்போது முடிந்தவரை குறைந்த வோல்ட்டில் இயங்கும் பம்பையும் விளக்கையும் தேர்ந்தெடுங்கள். அவற்றின் மேல் சாய்சதுரத்துக்குள் ரோமன் எண் மூன்று இருக்கும். பாதுகாப்பான குறைமின்னழுத்தத்தில் இயங்குவது என்று பொருள். நீருக்குள் இருக்கும் பாகத்தில் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். கடைசி இலக்கம் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். தொடர்ந்து மூழ்கியிருக்க 8 வேண்டும். 20 என்று இருந்தால் நீரிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை. கையை உள்ளே விடும் முன் எல்லா பிளக்குகளையும் பிடுங்குவதற்கு மாற்று எதுவும் இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். நம் வீடுகளில் சுவிட்ச் எந்தக் கம்பியைத் துண்டிக்கிறது என்பது வயரிங் செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அடாப்டரில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண் இருந்தால், தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதை இட்டுப் பார்க்கலாம். உற்பத்தியாளர் யார், எந்தப் பொருளுக்கான பதிவு, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. அத்தை வீட்டு அடாப்டரின் எண்ணையும் இட்டுப் பார்த்தோம். எண் உண்மையானதுதான். வேறொரு நிறுவனத்தின் வேறொரு பொருளுக்கு உரியது.

விளக்கை வாங்கிய கடைக்கு அதை எடுத்துச் சென்றோம். கடைக்காரர் எந்த வாதமும் செய்யவில்லை, நல்ல மனிதர். கூடுதல் விலை வாங்காமல் வேறொரு நிறுவனத்தின் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார். அதன் எண்ணை அங்கேயே சரிபார்த்துக்கொண்டோம். நாங்கள் திருப்பிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த மற்ற அடாப்டர்கள் கிடந்த அதே இழுப்பறையில் போட்டார்.